காடு மீட்புக்குப் பணம்: மானியம் கேட்பது, செலவிடுவது, கணக்கு முடிப்பது

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். ஆண்டுதோறும் அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க மரக்கன்று நடும் விழாக்கள் நடக்கின்றன. ஆனால் ராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் பெருமழை கொட்டுவது அக்டோபருக்கு மேல்தான். ஜூன் தொடக்கத்தில் அங்கே நட்ட கன்று நான்கு மாத வெயிலையும் காற்றையும் தாண்டியாக வேண்டும். தண்ணீர் லாரிக்குப் பணமும் ஊற்ற ஆளும் இருந்தால் பிழைக்கும். இல்லையென்றால் தீபாவளி வரும்போது குழியும் காய்ந்த குச்சியும்தான் இருக்கும்.

கேம்பா நிதி, சி.எஸ்.ஆர்., ஜைக்கா திட்டம், கிரீன் கிரெடிட் என்று செய்திகளில் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கோடி என்கிறார்கள். மலையடிவாரத்து ஊர்க்குழுவோ சிறு அறக்கட்டளையோ அதில் எதைக் கேட்கலாம், கேட்டுக் கிடைத்தால் என்னென்ன கட்டுப்பாடுகள் வரும் என்பதில் பலருக்கும் குழப்பம். இந்தக் குழப்பத்தின் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. பணம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற நாட்காட்டியில் ஓடுகிறது. காடு மழையின் நாட்காட்டியில் ஓடுகிறது. மானிய விண்ணப்பம் எழுதுவது என்பது இந்த இரண்டையும் ஒரே தாளில் பொருத்துகிற வேலை.

மரம் நடுவதும் காடு மீட்பதும் ஒன்றா?

இல்லை. இதில் தெளிவு இல்லாமல் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் மற்ற எல்லாமே கோணலாகிவிடும்.

நீலகிரியையும் பழனி மலையையும் எடுத்துக்கொள்வோம். மேல்மலையில் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலைக்காடு இருக்கும். சரிவுகளில் புல்வெளி இருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த மலையின் இயற்கை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் பிற்காலத் தோப்புகளும் அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. அங்கே மிஞ்சியிருக்கும் புல்வெளியில் போய் மரம் நட்டால், நட்டது நாட்டு மரமாகவே இருந்தாலும், அது அழிவுதான். இன்னொரு பக்கம், பழைய சீகை, பைன் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாகவே முளைத்து எழுந்துகொண்டிருக்கின்றன. அந்நிய மரம் என்று அவற்றை ஒரேயடியாக மொட்டையடித்தால், வெயில் பட்ட மண்ணில் சீகை விதைதான் கூட்டமாக முளைக்கும். ஒரே மலையில் ஓரிடத்தில் மரத்தை எடுப்பது மீட்பு, இன்னோரிடத்தில் மரத்தை விட்டுவைப்பது மீட்பு.

ஆகவே "மீட்பு" என்ற சொல்லுக்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன.

1. காவல். தீ, அளவுமீறிய மேய்ச்சல், விறகு வெட்டு ஆகியவற்றைத் தடுத்தாலே பல இடங்களில் வேரிலிருந்தும் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்தும் காடு திரும்பும். செலவு குறைவு, ஆனால் விழா எடுக்க முடியாத வேலை என்பதால் இதற்குப் பணம் கேட்பவரும் குறைவு, கொடுப்பவரும் குறைவு.

2. களை அகற்றல். உண்ணிச்செடி, சீமைக் கருவேலம், முதுமலைப் பக்கம் மஞ்சள்கொன்றை. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

3. நடவு. தாய்மரம் அருகில் இல்லாத, விதை வந்துசேர வழியில்லாத இடங்களுக்கு.

4. மண், நீர் வேலைகள். அரிப்பைத் தடுப்பது, அடைபட்ட ஓடையைத் திறப்பது.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் மழைக்காடுகளை நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டக் கம்பெனிகளோடு சேர்ந்து மீட்டுவருகிறது. நல்ல காட்டை ஒட்டிய இடம் ஓரளவு தானாகவே தேறுகிறது. தனித்துவிடப்பட்ட துண்டுக்குத்தான் நடவு கூடுதலாகக் கைகொடுக்கிறது என்பது அங்கே கிடைத்த முக்கியமான பாடம். எனவே "எத்தனை கன்று நடப் போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு, "இங்கே நடவே வேண்டாம், ஐந்து வருடம் காவல் போதும்" என்பதும் சரியான பதிலாக இருக்கலாம். அதைத் துணிந்து எழுத வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

1. கேம்பா. சுரங்கம், அணை, சாலை என்று காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் கட்டும் இழப்பீட்டுப் பணம் இது. இதன் கதை நம்ம ஊரில்தான் தொடங்குகிறது. கூடலூர் பகுதியில் காடு வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் இழப்பீட்டுக் காடு வளர்ப்புக்கான இந்த ஏற்பாடு உருவானது. 2016இல் தனிச்சட்டம் வந்தது. 90 சதவீதம் மாநிலங்களுக்கு, 10 சதவீதம் ஒன்றிய அரசுக்கு. 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்குப் போன தொகை 47,000 கோடி ரூபாய்க்கும் மேல். இவ்வளவு பணமா என்று மலைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, இது நீங்கள் விண்ணப்பம் போட்டு வாங்கும் மானியம் இல்லை. மாநில வனத்துறை ஆண்டுத் திட்டம் தயாரித்து, ஒப்புதல் பெற்று, தானே செலவிடும். உங்கள் ஊர்க் காட்டின் பெயர் அந்த ஆண்டுத் திட்டத்தில் ஏற வேண்டுமென்றால் மாவட்ட வன அலுவலரிடமும் வனச்சரகரிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். பணம் இருந்தால் மட்டும் காடு வந்துவிடாது என்பதற்கு சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சாட்சி: 2006 முதல் 2012 வரை இழப்பீட்டுக் காடு வளர்ப்புக்காக வந்திருக்க வேண்டிய காடல்லாத நிலம் 1.03 லட்சம் ஹெக்டேர். வந்தது சுமார் 28,000 ஹெக்டேர்.

2. மாநிலத் திட்டங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 23.69 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியோடு, உயிர்ப்பன்மைப் பாதுகாப்புக்கும் பசுமையாக்கத்துக்குமான திட்டத்தின் இரண்டாம் கட்டம் சுமார் 920 கோடி ரூபாயில் நடக்கிறது. இவற்றில் ஊர்க்குழுக்கள் பெரும்பாலும் பங்காளிகளாக, கன்று வாங்குபவர்களாக, காவல் செய்பவர்களாகச் சேரலாம்.

3. சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு: 500 கோடி நிகரச் சொத்து மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் உண்டு. சிறிய, நடுத்தர அமைப்புகளுக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

4. வெளிநாட்டு நிதி. உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியின் சிறுமானியத் திட்டம் 1992 முதல் பல நாடுகளில் நடக்கிறது. சி.இ.பி.எஃப். என்ற நிதியம் 2008 முதல் 2015 வரை மேற்குத்தொடர்ச்சி மலையில் பல அமைப்புகளுக்கு மானியம் கொடுத்தது. வெளிநாட்டுப் பணத்தைத் தொட எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன ஊர்க்குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. பணம் முதலில் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும்.

5. கிரீன் கிரெடிட். இது மானியம் இல்லை. காடு வளர்க்கப் பணம் போடுபவருக்கு, வளர்ந்த மரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரவுப் புள்ளி கொடுக்கும் ஏற்பாடு. 2023 அக்டோபரில் விதிகள் வந்தன. 2024 பிப்ரவரியில் வந்த முதல் வழிமுறை ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்றது. அதாவது ஏறக்குறைய மூன்று மீட்டருக்கு ஒரு மரம். புல்வெளிக்கும் முட்புதர்க் காட்டுக்கும் இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று சூழலியலாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2025இல் விதி திருத்தப்பட்டு, ஐந்தாண்டு கழித்து உயிரோடு நிற்கும் மரங்களையும் விதானத்தின், அதாவது மர உச்சிகள் சேர்ந்த கூரையின், அடர்த்தியையும் பார்ப்பது என்று மாறியது. நட்டதை எண்ணுவதிலிருந்து நிற்பதை எண்ணுவதற்கு வந்தது நல்ல நகர்வு. ஆனாலும் எண்ணப்படுவது மரம்தான், புல் இல்லை.

நிலம் யாருடையது, யாரைக் கேட்க வேண்டும்?

விண்ணப்பத்தில் பலர் ஒரு வரியில் தாண்டிப்போகும் பகுதி இது. திட்டங்கள் பாதியில் நிற்பதும் இங்கேதான்.

காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு களையைக்கூடப் பிடுங்கக் கூடாது. புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் வனவிலங்குச் சட்டமும் சேரும். தனியார் எஸ்டேட் என்றால் உரிமையாளரோடு ஒப்பந்தம் வேண்டும்; அதில் திட்டம் முடிந்த பிறகும் பத்து, இருபது ஆண்டுகள் அந்த இடத்தை வெட்டமாட்டோம் என்ற உறுதி இருக்க வேண்டும். மலைப்பகுதியில் சொந்தப் பட்டா நிலத்தில் மரம் வெட்டுவதற்கே 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற வேண்டியிருக்கும். சீகையை எடுக்கப்போகும் திட்டங்கள் இதை மறந்துவிட்டு, பணம் வந்த பிறகு கலெக்டர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேல், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காலங்காலமாகக் காத்துவந்த காட்டைப் பாதுகாக்க, மீட்க, நிர்வகிக்கக் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தேன் எடுக்கும் பாறை எது, மாடு போகும் தடம் எது, சாமி குடியிருக்கும் இடம் எது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். மாட்டுத் தடத்தின் குறுக்கே வேலி போட்டால் அந்த வேலி ஒரு வாரம் தாங்காது. விண்ணப்பத்தோடு கிராம சபைத் தீர்மான நகலை வையுங்கள். கையெழுத்துக்காகக் கடைசி நாளில் நோட்டை நீட்டி வாங்கிய தீர்மானமாக அது இருக்கக் கூடாது. இரண்டு மூன்று கூட்டம் பேசி, வரைபடத்தில் கோடு மாற்றி வந்த தீர்மானமாக இருக்க வேண்டும்.

அமைப்பின் தகுதிக்கான ஆவணங்கள் ஒப்பீட்டில் எளிது: டிரஸ்ட் அல்லது சங்கப் பதிவு, பான், 12ஏபி, 80ஜி என்று அறியப்பட்ட வருமான வரிச் சலுகைப் பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் தர்பன் தளத்தில் பதிவு, மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை. சி.எஸ்.ஆர். பணத்துக்கு 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும், கம்பெனியோ அரசோ தொடங்காத அமைப்பாக இருந்தால் அதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவமும் கட்டாயம்.

விண்ணப்பத்தின் முதுகெலும்பு: மழைக் கணக்கு

மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதையைச் சேமித்து வைக்க முடியாது. நாவல் பழம் ஜூன், ஜூலையில் பழுக்கிறது. கொட்டையைக் காயவிட்டு டப்பாவில் போட்டு வைத்தால் சில வாரங்களில் முளைக்கும் திறன் போய்விடும். நாங்கு, குங்கிலியம் போன்றவையும் அப்படித்தான், விழுந்தவுடன் எடுத்து விதைக்க வேண்டும். எல்லா மரமும் எல்லா வருடமும் காய்க்காது. விதைத்த பிறகு நாற்றங்காலில் ஓராண்டு, மெதுவாக வளரும் மரங்களுக்கு இரண்டாண்டு. அப்படியானால் இன்றைக்குப் பணம் வந்தால் நடவு எப்போது? அடுத்த மழைக்கு முடியாது. அதற்கடுத்த மழைக்கு.

இந்த உண்மையை விண்ணப்பத்தில் மறைத்தால் என்ன ஆகும்? மார்ச் 31க்குள் செலவைக் காட்டச் சொல்வார்கள். நாட்டு மரக் கன்று கையில் இருக்காது. தனியார் நர்சரியில் எது கிடைக்கிறதோ அதை வாங்கி நடுவீர்கள். கன்றைப் பையிலிருந்து எடுக்கும்போது அடியைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். சின்னப் பையில் நெடுநாள் கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டி, திரும்பி, வளையல் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றை வெட்டி நேராக்காமல் குழியில் வைத்தால் வேர் மண்ணுக்குள்ளும் சுற்றிக்கொண்டேதான் போகும். இரண்டு வருடம் பச்சையாக நிற்கும். மூன்றாவது கோடையில் கருகும், அல்லது பெருங்காற்றில் சாயும். அதற்குள் திட்டத்தின் இறுதி அறிக்கை போயிருக்கும்.

சி.எஸ்.ஆர். விதியிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. "தொடர்திட்டம்" என்று கம்பெனியின் நிர்வாகக் குழு அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று நிதியாண்டுகள் வரை அதே பணத்தைச் செலவிடலாம். அந்தந்த ஆண்டில் மிச்சமாகும் தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக்கணக்கில் போட்டு வைத்தால் போதும். தொடர்திட்டம் என்று அறிவிக்காவிட்டால் மிச்சப் பணம் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளுக்குப் போய்விடும். அதனால்தான் மார்ச்சில் அவ்வளவு அவசரம். எனவே விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இது தொடர்திட்டம் என்று எழுதுங்கள். தென்மேற்குப் பருவமழை பெறும் மலைச்சரிவில், அக்டோபரில் ஒப்பந்தம் ஆகும் திட்டத்தின் நாட்காட்டி இப்படி அமையலாம்:

1. முதல் நிதியாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை: அடிப்படைக் கணக்கெடுப்பு, கிராம சபை, அனுமதிகள், நாற்றங்கால் அமைப்பு, தாய்மரங்களை அடையாளம் காண்பது.

2. இரண்டாம் ஆண்டு: மரத்துக்கு மரம் மாறும் பருவத்தில் விதை சேகரிப்பு, நாற்றங்கால் பராமரிப்பு, களை அகற்றலின் முதல் சுற்று.

3. மூன்றாம் ஆண்டு: மழை பிடித்தவுடன் நடவு. மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும் களையெடுப்பு. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு.

4. நான்காம் ஆண்டு: பட்டுப்போன இடங்களில் மறுநடவு, மீண்டும் களையெடுப்பு, உயிரோடு இருப்பவற்றின் கணக்கு.

கிழக்குச் சமவெளியில் வீரை, காசா, உலக்கைப்பாலை நிற்கும் உலர் பசுமைமாறாக் காட்டை மீட்பதென்றால் நடவை அக்டோபருக்குத் தள்ளுங்கள். நிதி தருபவர் முதல் ஆண்டறிக்கைக்கு நடவுப் படம் கேட்பார். அப்போது கிடைப்பது நாற்றங்கால் படம்தான் என்று ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் புரிந்துகொள்ளும் அதிகாரிகள் நிறையவே இருக்கிறார்கள்.

பட்ஜெட்: நட்ட கன்றா, நின்ற கன்றா?

கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம். இரண்டு திட்டங்கள், இரண்டுக்கும் 10 லட்சம் ரூபாய். முதலாவது, கன்றுக்கு 100 ரூபாய் வீதம் 10,000 கன்று நடுகிறது. பின்பராமரிப்புக்குப் பணம் வைக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் 2,000 நிற்கின்றன. இரண்டாவது, மூன்றாண்டுக் களையெடுப்பும் காவலும் சேர்த்துக் கன்றுக்கு 250 ரூபாய் வீதம் 4,000 கன்றுதான் நடுகிறது, 3,000 நிற்கின்றன. விண்ணப்ப மேசையில் முதல் திட்டம் மலிவாகத் தெரியும். நின்ற கன்றுக்கு வகுத்தால் முதலாவதின் விலை 500 ரூபாய், இரண்டாவதின் விலை சுமார் 333 ரூபாய். இந்த வகுத்தலை நீங்களே போட்டு விண்ணப்பத்தில் வைத்துவிட்டால், "ஏன் உங்கள் கன்று இவ்வளவு விலை?" என்ற கேள்வி எழாது.

களை அகற்றலிலும் இதே பாடம். உண்ணிச்செடியை மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழையில் கொத்தாகத் தழைக்கும். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு பரப்பிய முறையில், மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறார்கள். அதே செடி மறுபடி துளிர்க்காது. ஆனால் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். பறவை புதிதாகக் கொண்டுவந்தும் போடும். அதனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைக்கன்றுகளைப் பிடுங்கும் சுற்றுகளுக்குப் பட்ஜெட்டில் தனி வரி வேண்டும். ஓராண்டுப் பணத்தில் பெரிய பரப்பை எடுப்பதைவிட, சிறிய பரப்பை மூன்று முறை திரும்பிப் பார்ப்பது மேல். எடுத்த உண்ணிக்குச்சியில் கூடலூர்ப் பக்கப் பழங்குடி மக்கள் யானைச் சிற்பங்களும், மாதேஸ்வரன் மலைப் பக்கத்தில் மேசை நாற்காலிகளும் செய்கிறார்கள். அப்படி ஒரு வருமான வழி இருந்தால் மானியம் நின்ற பிறகும் வேலை நிற்காது.

சி.எஸ்.ஆர். பேச்சுவார்த்தையில் அடிக்கடி வரும் ஒரு தவறான புரிதலையும் சொல்ல வேண்டும். "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் தரமுடியும், சட்டம் அப்படி" என்பார்கள். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்கு ஆகும் செலவுக்கு உரியது. வேலையை நடத்தும் அமைப்பின் செலவுக்கு அந்த வரம்பு கிடையாது என்று கம்பெனி விவகார அமைச்சகமே 2021 விளக்கச் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. நாற்றங்கால் பொறுப்பாளரின் சம்பளம், கணக்காளர் சம்பளம், ஜீப் டீசல், காலணி, மருந்துப் பெட்டி, தொழிலாளர் காப்பீடு எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போடுங்கள். அட்டைக்கடியிலும் யானை நடமாட்டத்திலும் வேலை செய்பவர்களின் காப்பீட்டை விட்டுவிட்டு பட்ஜெட்டைக் குறைத்துக் காட்டுவது தவறு.

பணம் வந்த பிறகு

பணம் பெரும்பாலும் தவணையாக வரும். முதல் தவணையின் யூ.சி., அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், போனால்தான் இரண்டாவது வரும். அது தாமதமாகி, களையெடுக்க வேண்டிய மழைமாதத்தில் கை காலியாக இருப்பது இந்தத் துறையின் மிகப் பழைய நோய். தவணைத் தேதிகளை ஒப்பந்தத்திலேயே மழைக்கு இரண்டு மாதம் முன்பாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.

கணக்கில் கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு மானியத்துக்கும் தனி லெட்ஜர், முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றாக எடுக்கவே கூடாது.

2. ஒன்றிய அரசின் மானியம் என்றால் 2017 பொது நிதி விதிகள் பொருந்தும். யூ.சி.க்கு 12-ஏ என்ற படிவம் இருக்கிறது. வங்கியில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டி உங்களுடையது இல்லை, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். வாங்கிய ஜீப்பையும் பம்பு செட்டையும் அனுமதியில்லாமல் விற்கக் கூடாது.

3. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரித்துறை ஏற்காது. கூலியை வாராவாரம் வங்கிக் கணக்கில் போடுவது பாதுகாப்பு. வங்கியே இல்லாத மலையூர் என்றால் மஸ்டர் ரோல் (வருகை, கூலிப் பதிவேடு), கைநாட்டு, சாட்சி.

4. எஃப்.சி.ஆர்.ஏ. பணத்துக்கு ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் எஃப்.சி.-4 அறிக்கை.

ஒரு வவுச்சரை எடுத்துப் பாருங்கள். "களையெடுப்பு, 12 ஆள்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார், நியாயம்தான். அதே வவுச்சரில் தேதி, ஆட்களின் பெயர், "3ஆம் பகுதி, ஓடைக்குக் கிழக்கே, அரை ஹெக்டேர், உண்ணி முளைக்கன்று பிடுங்கியது" என்று இருந்தால் அது செலவுச் சீட்டாக இருப்பதோடு காட்டின் வரலாற்றுக் குறிப்பாகவும் ஆகிறது. மூன்று வருடம் கழித்து 3ஆம் பகுதியில் மட்டும் கன்றுகள் ஏன் நன்றாக நிற்கின்றன என்று தேடும்போது, பதில் அந்த வவுச்சர் கட்டில்தான் கிடைக்கும்.

எதை அளப்பது, எப்படிச் சொல்வது?

வேலை தொடங்கும் முன்பே அளவெடுக்க வேண்டும். முன் நிலை தெரியாமல் பின் நிலையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

பெரிய கருவிகள் தேவையில்லை. பத்துக்குப் பத்து மீட்டரில் கயிறு கட்டிய கட்டங்கள், குலுக்கல் முறையில் தேர்ந்த இடங்களில். நல்ல இடமாகப் பார்த்து எடுத்தால் அளவே பொய். ஒவ்வொரு கட்டத்திலும் நட்ட கன்றில் எத்தனை உயிரோடு இருக்கிறது, உயரம் என்ன, நடாமலே தானாக முளைத்தது எத்தனை, என்னென்ன வகை, களை எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். எதுவும் செய்யாமல் விட்ட இரண்டு கட்டங்களும், பக்கத்திலுள்ள நல்ல காட்டில் இரண்டு கட்டங்களும் ஒப்பீட்டுக்கு வேண்டும். குறிப்பிட்ட கல்லில் நின்று, அதே திசையில், ஆண்டுதோறும் அதே மாதத்தில் ஒரு புகைப்படம். இவற்றை ஊர் இளைஞர்கள் இரண்டு நாள் பயிற்சியில் செய்துவிடுவார்கள். தானாக முளைத்த கன்றின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடுகிறதென்றால் அந்த இடம் உங்களை நம்பியிருப்பதிலிருந்து விடுபடத் தொடங்கிவிட்டது. அறிக்கையில் முதல் இடம் அந்த எண்ணுக்குத்தான் தர வேண்டும்.

தோல்வியையும் எழுதுங்கள். மழை பொய்த்தது, காட்டெருமை மேய்ந்தது, தீ வந்தது என்றால், எந்தக் கட்டத்தில் எத்தனை போனது என்ற எண்ணோடு எழுதி, மாற்றுத் திட்டத்தையும் கூடவே அனுப்புங்கள். கால நீட்டிப்பு வேண்டுமென்றால் திட்டம் முடியும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேட்க வேண்டும். தேதி தாண்டிய பிறகு செலவிட்ட பணத்தை யாரும் ஏற்கமாட்டார்கள்.

மானியம் முடியும் ஆண்டில்

கடைசி ஆண்டின் பட்ஜெட்டில் ஒப்படைப்புக்கென்று ஒரு தொகை ஒதுக்குங்கள். நாற்றங்காலை யார் நடத்துவது, மிஞ்சிய கன்றுகள் யாருக்கு, அடுத்த கோடையில் தீத்தடுப்புக் கோட்டை யார் செதுக்குவது, கூலி எங்கிருந்து என்ற நான்கு கேள்விகளுக்கும் கிராம சபையிலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் பதில் வேண்டும். தாய்மரங்களின் பட்டியல், எந்த மரம் எந்த மாதம் பழுக்கிறது என்ற குறிப்பேடு, அளவுக்கட்டங்களின் வரைபடம், புகைப்படம் எடுக்கும் கற்களின் அடையாளம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, ஒரு பிரதி ஊரில், ஒரு பிரதி சரக அலுவலகத்தில், ஒரு பிரதி நிதி தந்தவரிடம் வையுங்கள். அறிக்கை அனுப்பிய கையோடு அந்தக் கட்டங்களின் மூலைக்கற்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வாருங்கள். அடுத்து அளக்க வருபவர் யாராக இருந்தாலும், புதருக்குள் அவற்றைக் கண்டுபிடிக்க அது உதவும்.